சங்கு, கம்பி, ஒரு வெள்ளைக் கைக்குட்டை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைச் சண்டைக்கு இழுக்காதீர்கள். என்னிடம் கேட்டது கதையே அல்ல. கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பூஜை மலருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை. தலைப்பைக்கூட அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ‘பல்லுக்குக் கம்பி போட்டவர்களின் ஈறு வீக்கம் – தடுப்பும் சிகிச்சையும்’. கேட்டவர் மலர்க்குழுச் செயலாளர் அனந்தகிருஷ்ணன். பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்து, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது ஓய்வே இல்லாமல் சங்கத்தைக் கட்டி மேய்ப்பவர்.

“பின் அட்டை விளம்பரம் ஒரு பல் டாக்டர் குடுத்திருக்கார் சார். உள்ளே பல்லைப் பத்தி ஒரு ஆர்ட்டிகிள் இருந்தாதானே அவருக்கு மரியாதை? சிம்பிளா, பாயிண்ட் பாயிண்ட்டா எழுதிக் குடுங்கோ.”

நான் பல் மருத்துவன் இல்லையே என்றேன்.

“போன வருஷம் சந்திரனைப் பத்தி எழுதினேளே, போயிட்டு வந்தா எழுதினேள்?”

இதற்கு மேல் வாயைத் திறக்க முடியுமா? உட்கார்ந்தேன், எழுதினேன்:

ஈறு என்பது பற்களைச் சூழ்ந்துள்ள மென்மையான, இளஞ்சிவப்பு நிறமுடைய—

கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கே வந்தால் படிக்கிறவர்கள் கதி? சரி, தகவலாவது திரட்டுவோம் என்று நியூ டவுனில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்க் காத்திருந்தேன். உள்ளே ஒரு பெண் குரல், நம் ஊர் வாடை வீசும் ஆங்கிலத்தில், மருத்துவரிடம் கேட்டது: “டாக்டர், இந்தக் கம்பியோட நான் சங்கு ஊதலாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவர் ஏதோ பதில் சொன்னார். ஆனால் பாழாய்ப்போன அந்த இயந்திரம் அதே நொடியில் ‘கர்ர்ர்’ என்று கிளம்பி, பதிலை விழுங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. என்ன பதிலாக இருக்கும், என்ன பதிலாக இருக்கும் என்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே பரபரப்பு. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கட்டுரை ஒழிந்தது, கதை பிடித்துக்கொண்டது.*

(*அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு: தடுப்பும் உண்டு, சிகிச்சையும் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.)

2

பெண்ணுக்கு வசுமதி என்று பெயர் வைத்தேன். இனி எங்கே தொடங்குவது?

வசுமதி கண்ணாடியில் தன் ஈறுகளைப் பார்த்தபோது அவளுக்கு—

(வேண்டாம். கதாநாயகியைக் கண்ணாடி முன் நிறுத்தும் எழுத்தாளர்களுக்கு அபராதம் போட வேண்டும்.)

நியூ டவுனின் அடுக்குமாடிகளுக்கு மேல் வெண்பஞ்சு மேகங்கள்—

(வானிலை அறிக்கை யார் கேட்டார்கள்?)

“ஓ மா! ரொக்தோ!”

இது. இதுதான். ரொக்தோ என்றால் ரத்தம்.

விஸ்வகர்மா பூஜைக்குப் பட்டம் விட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சங்கு ஊதும் போட்டிக்கு ஒத்திகை. நவமி சாயங்காலம் துர்கை முன்னால் ஒவ்வொருத்தியாக வந்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். யார் சங்கு நீள ஒலிக்கிறதோ அவளுக்குப் பரிசு. வசுமதி தன் முறைக்கு எழுந்து, மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, சங்கை உதட்டில் பொருத்தி ஊதினாள். எடுத்த எடுப்பில் ஒலி உடைந்தது. சங்கை எடுத்துப் பார்த்தால் வெள்ளை வாயில் சிவப்பாக ஒரு கோடு. கத்தியது யார் என்று தெரியவில்லை, ஆனால் அத்தனை தலைகளும் திரும்பிவிட்டன.

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஏன் இந்தச் சங்கு இவளுக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். நியாயம். வசுமதிக்குக் கோவில்பட்டி. ஐ.டி. வேலைக்காகக் கல்கத்தா வந்து மூன்று வருஷம், மூன்றாம் டவரில் வாடகை வீடு. முதல் இரண்டு வருஷமும் குடியிருப்பில் அவளுக்குப் பெயரே கிடையாது. ‘மாத்ராஜி மேயே’ – மதராஸிப் பெண் – அவ்வளவுதான். பால்காரருக்கும் அதேதான், லிஃப்டில் கூட வருகிறவர்களுக்கும் அதேதான். போன வருஷம் நவமியன்று யாரோ விளையாட்டாக அவள் கையில் ஒரு சங்கைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் நீச்சலடித்த நெஞ்சு. ஊதினாள். எல்லாரையும்விட நீளமாக ஒலித்தது. அப்புறம் மைக்கில் கூவினார்கள் பாருங்கள்: “டவர் த்ரீ… போஷுமோதி!”

வசுமதி என்பதை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் சுற்றி வந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மறுநாளிலிருந்து பால்காரரும் போஷுமோதி தீதி, அதாவது அக்கா, என்றார். ஒரு ஊரில் பெயர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? இந்த வருஷமும் அந்த மைக்கில் அந்தப் பெயர் ஒலிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கோவில்பட்டியில் அம்மா சுந்தரவல்லிக்கு இந்தச் சங்கு விவகாரம் அறவே பிடிக்கவில்லை. “ஏட்டி, பொம்பளப்பிள்ள சங்கு ஊதுததா? நம்ம ஊருல அத எப்பம் ஊதுவாக தெரியும்லா? எழவு வீட்டுலட்டி!”

“யம்மா, இங்க கல்யாணத்துக்கும் பிள்ளப் பொறப்புக்கும் ஊதுவாங்க. சாயங்காலம் வெளக்கேத்தும்போது வீட்டுக்கு வீடு பொம்பளைங்கதான் ஊதுவாங்க.”

“என்னமோ போ. ஊதினதும் ஊதின, அந்தப் போட்டோவுல தெத்துப்பல்லு துருத்திக்கிட்டு நிக்கி.”

இந்த வார்த்தைதான் வினை. குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் வந்த வெற்றிப் புகைப்படத்தை வசுமதி பெரிதாக்கிப் பார்த்தாள். இனி வருஷா வருஷம் மேடை ஏறப் போகிறோம், பல் வரிசையாக இருக்கட்டுமே என்று மாசி மாதம் போய்க் கம்பி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பல்லிலும் ஓர் உலோகப் பொட்டு, அத்தனையையும் கோத்து ஒரு கம்பி. சங்கு கொடுத்த ஆசையில் வந்த கம்பி இப்போது சங்குக்கே உலை வைத்துவிட்டது.

ஒத்திகையில் ஒருவர்தான் அவள் பக்கத்தில் வந்தார். முதலாம் டவர் கோபா மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி மாதிரி. நெடுங்காலமாகப் பரிசு வாங்கிவந்து, போன வருஷம் வசுமதியிடம் தோற்றவர். காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்: “நவமியன்னைக்கு நீயும் லால் பார் சேலை கட்டிக்கோம்மா. அதுதான் சௌகரியம்.”

லால் பார் என்பது சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. ரத்தம் வந்து நிற்கிறேன், இவருக்குச் சேலை ஞாபகம் பார் என்று வசுமதிக்கு எரிச்சலாக வந்தது. (எனக்கும்தான். இந்த வசனத்தை இரண்டு தடவை அடித்தேன். ஏனோ தெரியவில்லை, மூன்றாவது தடவையும் மாஷிமா அதையே சொன்னார். விட்டுவிட்டேன்.)

அன்று மாலையே பூஜைக் கமிட்டியின் செய்தி வந்தது: அம்மன் முன்னால் ஊதும் சங்கில் ரத்தம் படக் கூடாது. பட்டால் அந்தப் போட்டியாளரின் பெயர் நீக்கப்படும்.

3

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். படித்த பெண். ஈறு எப்படி அந்த நிலைக்குப் போகும்? நீங்கள் நம்புவீர்களா?

நம்ப வைக்கிறேன். வசுமதிக்கு அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெளியீடு நெருங்கும்போது, அதுவும் பூஜை விடுமுறைக்கு முன்னால், ‘கோட் ஃப்ரீஸ்’ என்று அறிவித்துவிடுவார்கள். அதற்குப் பின் யாரும் எதையும் தொடக் கூடாது. முக்கியமாக, எந்த இடம் தொட்டால் உடைகிறதோ அந்த இடத்தை. ‘தெரிந்த சிக்கல்’ என்று குறித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

ஆடி மாதம் ஒருநாள் பல் தேய்க்கும்போது மேல்வரிசையில் ரத்தம் வந்தது. பழக்கதோஷம்! வசுமதி தன் ஈறுக்கு ஃப்ரீஸ் போட்டுவிட்டாள். கம்பிக்கு மேலே, ஈறு ஓரத்தில், தூரிகையைக் கொண்டுபோகவே இல்லை. பல்லின் முகத்தை மட்டும் பூப்போலத் தடவிவிட்டு வந்தாள். தொடாதபோது ரத்தம் வரவில்லை. பார்த்தீர்களா, சிக்கல் தீர்ந்தது!

அம்மாவும் ஃபோனில் ஆமோதித்தார். “ரத்தம் வார எடத்த தொடாதட்டி. உப்புத்தண்ணி போட்டுக் கொப்புளி, போதும்.”

கொப்பளித்தாள். கொப்பளித்தால் எரிச்சல் அடங்கும், ஒட்டிய அழுக்குப் போகுமா? தூரிகை போகாத இடத்தில் சோறும் சந்தேஷ் மிட்டாயும் எக் ரோலும் சேர்ந்து பசையாகப் படிந்தன. ஈறு வீங்கியது. வீங்கியதால் இன்னும் சுலபமாக ரத்தம் கசிந்தது. கசிந்ததால் இன்னும் தொடவில்லை. மாதாமாதம் கம்பி இறுக்கப் போக வேண்டியவள், அலுவலக நெருக்கடியில் இரண்டு தடவை தள்ளியும் போட்டாள். கடைசியில் ஈறு புஸ்ஸென்று உப்பி, உலோகப் பொட்டுகளின் மேலேயே பாதி ஏறிவிட்டது.

இப்போது நம்புகிறீர்களா? சரி, மேலே போகலாம்.

4

மருத்துவர். இங்கேதான் நான் சறுக்கப் பார்த்தேன்.

மருத்துவர் பெயர் மேக்னா. வசுமதியைவிட வயதில் சின்னவள், பட்டாசு மாதிரி படபடவென்று பேசுகிறவள். குடியிருப்புக்கு எதிரிலேயே மருத்துவமனை, வசுமதிக்குக் கம்பி போட்டவளும் இவள்தான். இதில் என்ன விசேஷம் என்றால் – எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது – மேக்னா, கோபா மாஷிமாவின் மகள்!

வசுமதியின் ஈறு ஆறினால் மேக்னாவின் அம்மா தோற்பார். ஆறாவிட்டால் ஜெயிப்பார். அடடா, கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கையைத் தேய்த்துக்கொண்டு எழுதினேன்:

மேக்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “இந்த வருஷம் சங்கைத் தொடவே கூடாது,” என்றாள். அவள் உதட்டோரத்தில் ஒரு—

சரியாக அப்போது அனந்தகிருஷ்ணன் ஃபோன். எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான்:

“பல் டாக்டரை வில்லியாக்கறேளா? பின் அட்டையில பல் டாக்டர் சிரிச்சுண்டு நிக்கறார், உள்ளே பல் டாக்டர் சதி பண்றாளா? ஆரே மொஷாய், அட சார், என்னைச் சங்கத்தை விட்டே துரத்திடுவா!”

“கதைதானே சார்.”

“கட்டுரைன்னா கேட்டேன்!”

அவருக்குப் பயந்து மாற்றினேன் என்று நினைக்காதீர்கள். மேக்னாவே ஒத்துழைக்கவில்லை. ‘உதட்டோரத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு’ என்று முடிக்கப் போனால், அவள் என் பக்கம் திரும்பி, “இவங்க ஈறு வீங்கினதை இன்னும் நான் பார்க்கவே இல்லை, அதுக்குள்ள சிரிக்கச் சொல்றீங்க?” என்றாள். வெட்கமாகிவிட்டது. அடித்தேன். மேக்னா வசுமதியின் வாயைத் திறந்து பார்த்தாள்.

5

(இவர்கள் பேசியது பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். தமிழ் என்னுடையது.)

“ஈறை எத்தனை நாளா தேய்க்கலை?” என்றாள் மேக்னா.

“ரத்தம் வருதே, அதனால…”

“தேய்ச்சதால ரத்தம் வரலை தீதி. தேய்க்காததால வருது. நீங்க தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

நம்பாமல் பார்த்தாள் வசுமதி. மேக்னா ஒரு சாயச் சொட்டு மருந்தைப் பற்களில் தடவிக் கொப்பளிக்கச் சொல்லி, கைக்கண்ணாடியை நீட்டினாள். (ஆமாம், கண்ணாடிதான். எனக்கு நானே அபராதம் போட்டுக்கொள்கிறேன்.) பல்லின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும், ஈறு ஓரம் முழுவதும், ஊதாச் சாயம் அப்பிக்கிடந்தது. அழுக்குப் படிந்த இடத்தில்தான் சாயம் ஒட்டும். எந்த இடத்துக்கெல்லாம் ஃப்ரீஸ் போட்டாளோ, அந்த இடமெல்லாம் ஊதா.

“ஐயோ,” என்றாள் வசுமதி. டெஸ்டிங்கில் இருப்பவளுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? சோதனை முடிவு கண்ணெதிரே நிற்கிறதே. “நான்தான் பண்ணினேனா இதை!”

கேட்க வேண்டியதைக் கேட்டாள். “டாக்டர், இந்தக் கம்பியோட நான் சங்கு ஊதலாமா?”

இயந்திரம் ‘கர்ர்ர்’ என்றது. நான் பாய்ந்து போய் அதை நிறுத்தினேன். என் கதை, என் இயந்திரம். மேக்னாவின் பதில் தெளிவாகக் கேட்டது:

“தாராளமா ஊதலாம். ஊதறதால ஈறு வீங்காது. வீங்கின ஈறு மேல சங்கு அழுந்தறதால ரத்தம் வருது. வீக்கத்தை இறக்குங்க, பிறகு நவமியன்னைக்கு ஊரையே எழுப்புங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா எங்கம்மாவைத் தோற்கடிக்க நான் வைத்தியம் பார்த்தேன்னு வெளியே சொல்லிடாதீங்க. வீட்டுல எனக்கு மீன் கிடைக்காது.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மேக்னா விளையாட்டுக்காரி இல்லை. “பஞ்சமியன்னைக்கு வாங்க. அப்பவும் நான் தொட்டதும் ரத்தம் வந்தா, கம்பியைக் கழற்றி வெச்சிட்டு ஈறுக்கு மட்டும் வைத்தியம். சங்கும் கிடையாது. சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் வசுமதி.

அன்றே மேக்னா படிந்து இறுகிப்போனதையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பிறகு பாடம். அனந்தகிருஷ்ணன் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ‘பாயிண்ட்டுகள்’ வருகின்றன. தூரிகையைச் சாய்த்து, அதன் முனை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தைத் தொடும்படி பிடிக்க வேண்டும். கம்பிக்கு மேலே ஒரு தடவை, கம்பிக்குக் கீழே ஒரு தடவை. அழுத்தித் தேய்க்கக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. புட்டி கழுவும் தூரிகையின் குட்டி போல ஒன்று விற்கிறது. அதைக் கம்பிக்கு அடியில் நுழைத்து ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில் விட்டு எடுக்க வேண்டும். எது சாப்பிட்டாலும் உடனே தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். மருந்துத் தண்ணீர் மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும்தான், இஷ்டத்துக்குத் தொடர்ந்தால் பல்லில் கறை ஏறும். கம்பி இறுக்கும் தேதியைத் தள்ளிப்போடவே கூடாது.

“ஆரம்பத்துல ரத்தம் வரும், பயந்து நிறுத்திடாதீங்க,” என்றாள் மேக்னா. “பழைய பழக்கம் அப்பதான் காதுல வந்து ஓதும்.”

ஓதியது! முதல்நாள் இரவு தொட்டியில் செக்கச்செவேல் என்று எச்சில் விழுந்ததும் வசுமதி தூரிகையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். விட்டுவிடு, தொடாதே என்று உள்ளே ஒரு குரல். அம்மா குரலா, மேலாளர் குரலா என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு – மன்னிக்கவும், வாயைத் திறந்துகொண்டு – தேய்த்தாள். கைப்பையில் குட்டித் தூரிகை ஏறியது. அலுவலகத்தில் பிரியாணி முடிந்ததும் கைகழுவுமிடத்தில் அவள் கம்பிக்குள் தூரிகை விட்டுக் குடைவதைப் பார்த்து, சக ஊழியன் ஹரிஷங்கர், “என்ன வசு, பூஜைக்குப் புல்லாங்குழல் துடைக்கிறியா?” என்றான்.

“சங்குடா, சங்கு!” என்றாள் வாய் நிறைய நுரையோடு.

போகப் போகச் சிவப்பு வெளிறியது. அப்புறம் ஒருநாள் காலை துப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை நுரை. குளியலறையிலேயே குதித்தாள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

6

பஞ்சமி. மேக்னா ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. மேலே வலப்பக்கம், பழைய தெத்துப்பல்லுக்கு வந்தாள். அங்கே மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்பு.

வசுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. “கழட்டிடுவீங்களா?”

மேக்னா யோசித்தாள். அந்தப் பல் திரும்பிக்கொண்டிருக்கிறது, தூரிகை எட்டுவது கஷ்டம், மற்றதெல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்றாள். “இதுக்காகக் கழட்ட மாட்டேன். நவமிக்குள்ள இந்த ஒரு இடத்தைக் கவனிச்சுக்கிட்டா போதும். ஊதறப்ப அந்தப் பொட்டு உதட்டைக் குத்தாம இருக்க மெழுகு வைக்கலாம்.” ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். “ஊதி முடிச்சதும் சங்கை இதுல துடைங்க. எல்லாரும் பார்க்கற மாதிரி துடைங்க. கமிட்டி வாயை அடைக்க இதுதான் வழி.”

“சிவப்பு பட்டுட்டா?”

“பட்டா எல்லாரும் பார்ப்பாங்க,” என்றாள் மேக்னா.

இங்கே கதையை நிறுத்திவிட்டு முடிவு தேடினேன். மூன்று கிடைத்தன.

முதல் முடிவு அனந்தகிருஷ்ணனுடையது. வசுமதி ஊதுகிறாள், ஜெயிக்கிறாள், தமிழினம் தலைநிமிர்கிறது, பின் அட்டையில் பல் மருத்துவர் சிரிக்கிறார். “பேஷா இருக்கே, இதையே போட்டுடுங்கோ!” என்றார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டாவது என் கையிருப்பு. ஊதும்போது தெத்துப்பல் கசிகிறது, கைக்குட்டை சிவக்கிறது, பெயர் நீக்கப்படுகிறது. சோகமாக முடித்தால் இலக்கியம் என்பார்கள். ஆனால் அத்தனை நாள் அந்தப் பெண் தேய்த்ததற்கு நான் செய்யும் மரியாதையா இது?

மூன்றாவதில் மழை வந்து போட்டியே ரத்து. (இதைச் சொல்லவே நாக்கூசுகிறது. மறந்துவிடுங்கள்.)

எதுவும் சரிப்படவில்லை. போவோம், நவமிப் பந்தலில் என்ன நடக்கிறது என்று போய்த்தான் பார்ப்போம்.

7

தாக்கு அதிர்கிறது. தாக்கு என்பது தோளில் மாட்டி அடிக்கும் பெரிய முரசு, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அடிக்கும். சாம்பிராணிப் புகையில் துர்கையின் முகம் மங்கி மங்கித் தெரிகிறது. மேடையிலேயே இடப்பக்கம் போட்டியாளர்கள் வரிசை. வசுமதிக்கு முன்னால் கோபா மாஷிமா, கடைசியில் வசுமதி. கமிட்டிக்காரர் கைபேசியில் நேரம் பார்க்கிறார், ஒவ்வொருத்தி ஊதி முடித்ததும் சங்கின் வாயை எட்டியும் பார்க்கிறார்.

மாஷிமா ஊதினார். ஐயா, என்ன ஊது! தாக்கு அடிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வசுமதி குனிந்து தன் சங்கைப் பார்த்தாள். இதைத் தாண்டி நான் ஊத வேண்டுமா?

மாஷிமா சங்கை எடுத்தார். எடுத்த கையோடு சேலைத் தலைப்பின் சிவப்புக் கரையை இழுத்துச் சங்கின் வாயை ஓர் அழுத்து அழுத்தித் துடைத்தார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கமிட்டிக்காரர் எட்டிப் பார்த்தபோது சங்கு பளிச்சென்று இருந்தது.

பக்கத்தில் நின்ற வசுமதி மட்டும் பார்த்துவிட்டாள். சிவப்புக் கரையில் ஈரமாக, இன்னும் அடர்ந்த சிவப்பில், ஒரு திட்டு.

(சத்தியமாகச் சொல்கிறேன், இது என் திட்டத்தில் இல்லை. நான் திரும்பிப்போய் இரண்டாம் பகுதியைப் படித்தேன். ‘லால் பார் சேலை கட்டிக்கோம்மா. அதுதான் சௌகரியம்.’ அடப்பாவி, அடிக்க இருந்தேனே அந்த வசனத்தை!)

வசுமதிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மாஷிமாவுக்கு எத்தனையோ வருஷமாக ரத்தம் வந்துகொண்டிருக்கிறது. சங்கு ஊதினால் அப்படித்தான் வரும், துடைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒத்திகையன்று சேலைப் பைத்தியத்தில் பேசவில்லை, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைத் தன்னைத் தோற்கடித்தவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பல் மருத்துவரைப் பெற்றவர், மகளிடம் ஒரு நாளும் வாயைத் திறந்து காட்டவில்லை.

இப்போது வசுமதி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கரையைப் பாருங்கள் என்று விரலை நீட்டினால் போதும். விதி விதிதானே? மாஷிமா பெயர் போகும், பரிசு அவள் மடியில் தானாக விழும். மைக்கில் அவள் பெயர்.

என்ன செய்வாள்?

கமிட்டிக்காரர் இன்னொரு தடவை மாஷிமா பக்கம் திரும்பினார். வசுமதி ஓரடி எடுத்து வைத்து, இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தத் தலைப்பை மாஷிமாவின் இடுப்பில் செருகிவிட்டாள்.

“மாஷிமா,” என்றாள் கிசுகிசுப்பாக, தன் அரைகுறை வங்காளத்தில். “நாளைக்கு மேக்னாகிட்ட வாயைக் காட்டுங்க.”

மாஷிமாவின் முகம் வெளுத்தது. “இத்தனை வருஷம் மறைச்சுட்டு… அவ திட்டுவாளேம்மா.”

“என்னையும் திட்டினா. ரத்தம் நின்னுடுச்சு.”

“நின்னுடுச்சா?” குழந்தைபோலக் கேட்டார் மாஷிமா. “ஊதினாக்கூடவா?”

அது ஊதிப் பார்த்தால்தான் வசுமதிக்கே தெரியும். “டவர் த்ரீ! போஷுமோதி!” என்று மைக் கூப்பிட்டது.

8

நடுமேடைக்கு வந்துவிட்டாள். கூட்டத்தில் மேக்னா கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். கோவில்பட்டியில் சுந்தரவல்லி வீடியோ அழைப்பில், “ஏட்டி, நல்லா இழுத்து ஊதுட்டி!” என்று கத்திக்கொண்டிருக்கிறார். எழவுச் சங்கெல்லாம் மறந்துபோச்சு. அனந்தகிருஷ்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, “ஜெயிச்சாளா, ஜெயிச்சாளா?” என்று நச்சரிக்கிறார். அச்சகத்தில் வேறு காத்திருக்கிறார்களாம்.

வசுமதி மெழுகு வைத்த பொட்டை நாக்கால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். சங்கை உதட்டில் வைத்தாள்.

எவ்வளவு நேரம் ஊதினாள்?

அதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இப்போதே மூச்சை இழுத்துப் பிடியுங்கள். வயிறு வரைக்கும். பிடித்தாயிற்றா? நீங்கள் எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறீர்களோ அவ்வளவு நேரம் அவள் ஊதுகிறாள். நீங்கள் விட்டால் அவள் சங்கும் நிற்கும். மாஷிமாவைத் தாண்ட வேண்டுமானால் இன்னும் கொஞ்சம், முகம் சிவக்கட்டும், இன்னும் கொஞ்சம் பிடியுங்கள். மைக்கில் யார் பெயர் என்பது இனி உங்கள் நெஞ்சைப் பொறுத்தது. என்னையோ அனந்தகிருஷ்ணனையோ கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். அதை நானேதான் எழுதுவேன்.

சங்கு ஓய்ந்தது. வசுமதி வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சங்கின் வாயை, எல்லாரும் பார்க்க, மெதுவாகச் சுற்றித் துடைத்தாள். கமிட்டிக்காரர் கழுத்தை நீட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. வரிசையில் நின்ற மாஷிமாவைப் பார்த்துத் திரும்பி, கைக்குட்டையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள்.

வெள்ளை. விளிம்பிலிருந்து விளிம்புவரை வெள்ளை.

மாஷிமா கூட்டத்தில் மேக்னாவைத் தேடிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினார்.